வெற்றிலை பாக்கு வைத்து லிங்க் கேட்டவர்

போன் அடித்தால் அவர் ஹலோ என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவார். எடுத்ததும் தன் ஊர் பேரைச் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். எதிர்முனையில் யாராவது, "மெக்கானிக்குங்களா? பேப்பர் மாட்டிக்கினு மிஷின் நின்னுடுச்சுங்க" என்பார்கள். அப்போதுதான் அந்த மூச்சு வெளியே வரும்.

"சைடு கதவத் தொறந்து பச்சை லீவரை இழுங்க. உள்ள கைய உட்றாதீங்க, சுடும்."

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பள்ளிக்கூடம், காலேஜ், கோர்ட்டு வாசல், லாட்ஜ் என்று எங்கெல்லாம் ஜெராக்ஸ் மிஷின் இருந்ததோ அங்கெல்லாம் அவருடைய பை போய் வந்திருக்கும். விரல் பத்தும் டோனர் பொடியால் கறுத்திருக்கும். என் கம்ப்யூட்டர் மௌஸைத் தொடுவதற்கு முன்னால் அதன் மேல் கைக்குட்டையைப் போர்த்துவார். எனக்குப் பழக்கமானபோது நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. விழுப்புரத்தில் ஒற்றை அறை. "சமைக்கறது ஈஸி தம்பி, தனியா உக்காந்து சாப்பிடறதுதான் பேஜாரு" என்பார்.

சொந்த ஊர் மேல்மலையனூரைத் தாண்டி ஒரு கிராமம். அதன் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பேரை நான் எங்கே எழுதினாலும் அதைத் தொட்டால் இன்டர்நெட்டில் அவருடைய பக்கம் திறக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அச்சடித்த தாளில் அது நடக்காத காரியம்.

அவர் முதன்முதலாக என் அறைக்கு ஏறி வந்தது 2010இல். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் என் அறை. வெப்சைட் செய்து கொடுப்பேன், தேடினால் முன்னால் வரும்படி செய்வேன் என்று போர்டு வைத்திருந்தேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல, நோண்டியவன். கீழே மிஷினைச் சரிசெய்துவிட்டு அவர் போர்டைப் பார்த்து மேலே வந்தார்.

"தேடினா முதல்ல வர வைப்பீங்களாமே?"

"இன்னா பிசினஸ்ங்க உங்களுக்கு?"

"பிசினஸ் இல்ல தம்பி. எங்க ஊரு பேரை அடிச்சா நான் வரணும்."

"நீங்கன்னா?"

"நான்னா... என் போன் நம்பர்."

பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, மிஷினில் என்ன கோளாறு என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். தங்கச்சி. 1993இல் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். பெங்களூர்ப் பக்கம் என்று ஒரு பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"ஊரை வுட்டுப் போனவங்க யாரா இருந்தாலும் ஒரு நாளு ஊரு பேரை அடிச்சுப் பாப்பாங்க தம்பி. பக்கத்துல யாரும் இல்லாதப்ப அடிப்பாங்க. அன்னிக்கு நான் முதல்ல நிக்கணும். ரெண்டாவதா நின்னா பிரயோஜனம் இல்ல."

அங்கேயே ஊர் பேரை அடித்துக் காட்டினேன். முதலில் வந்தது மனை விற்கிற ஒரு கம்பெனியின் பக்கம். 'மேல்மலையனூர் அருகே பொன்னான வாய்ப்பு' என்ற வரிக்குக் கீழே தென்னந்தோப்பும் ஏதோ வெளிநாட்டு வீடும் படமாக இருந்தன. அவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எங்க ஊர்ல ஏதுங்க தென்ன மரம்?"

சரி, ஊரைப் பற்றி நாலு பெருமை எழுதிக் கொடுங்கள் என்றேன். "ஒரு தண்ணி டேங்கு, ஒரு ரேஷன் கடை, பாதி நாளு பூட்டிக் கெடக்குற லைப்ரரி. இதுல பெருமை பேச இன்னா இருக்கு?" என்றவர், அடுத்த வாரம் இரண்டு முழுத்தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே இறங்க வேண்டும், மழைக்காலத்தில் எந்த வழி நடக்கலாம். கடைசியில் ஒரு பட்டியல்: இவ்வூரில் காலமானவர்கள். பதினேழு வருடத்துப் பேர்கள். அவர் அப்பா, அம்மா பேர்களும் நடுவில் எங்கேயோ இருந்தன.

"இது எதுக்குண்ணா?"

"அப்பாவுக்குப் பயந்துகினு வராம இருந்தா, இனிமே பயப்பட வேணாம்னு தெரியணும் இல்ல."

தங்கச்சி பேரைப் போடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "அவ இன்னா சொல்லி குடும்பம் நடத்திகினு இருக்காளோ. புள்ளைங்க பெரிசா ஆயிருக்கும். நான் தேடறேன்னு தமுக்கு அடிச்சா அவளுக்குத்தான் கஷ்டம். அவ தேடினா நான் கெடைக்கணும். அவ்ளோதான்."

அவருக்கு இந்தத் தொழிலை விளக்கியது மாதிரி நான் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கினேன் என்பதைவிட, நான் ஒன்று சொல்ல, அவர் அதைத் தன் பேச்சாக மாற்றித் திருப்பித் தந்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முன்னால் வர வேண்டுமானால் வேறு வெப்சைட்டுகள் அதற்கு லிங்க் கொடுத்து, இங்கே போய்ப் பாருங்கள் என்று கைகாட்ட வேண்டும். யார் யார் கைகாட்டுகிறார்கள் என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என அத்தாரிட்டி ஸ்கோர் போடுவார்கள் என்றேன். யார் போடுவது, தேடித் தருகிறவனா என்று கேட்டார். இல்லை, வெளியே சில கம்பெனிகள் தாங்களாகக் கணித்துப் போடுவது என்றேன்.

"அப்போ இது ஊர்ல பேசிக்கிறது. தாசில்தார் கையெழுத்து இல்ல."

ஒரே சைட்டிலிருந்து பத்து லிங்க் வந்தாலும் பெரிதாகப் பலன் இல்லை, பத்து வேறு வேறு சைட் வேண்டும் என்றேன். "ஒரே வீட்டுல பத்து பேரு இருந்தாலும் கல்யாணப் பத்திரிகை ஒண்ணுதான்" என்றார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குப் போவது சுலபம், அதற்கு மேலே ஒவ்வொரு பத்தும் முன்னதைவிடக் கஷ்டம் என்றேன். "பத்து வரைக்கும் மாடிப்படி. அதுக்கு மேல செஞ்சிக் கோட்டை."

அவருடைய பக்கத்துக்கு அப்போது ஸ்கோர் ஒன்று.

வெள்ளிக்கிழமைதோறும் வருவார். ஜுரம் விட்டதா என்று விசாரிக்கிற மாதிரி, "இன்னிக்கு எவ்ளோ தம்பி?" என்பார். ஒன்று என்பேன். "சரி, ஏறலன்னா இறங்கவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவார். நாலு வெள்ளிக்கிழமை அந்தப் பதிலைச் சொன்னதில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். யார் வேண்டுமானாலும் பேரைப் பதியலாம் என்று திறந்து கிடக்கிற வெளிநாட்டு சைட்டுகள் முந்நூறில் அவர் பக்கத்தைப் போட்டுவிட்டேன். அப்போது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்ததுதான். அடுத்த மாதம் ஸ்கோர் ஒன்பது.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் யார் யார் கைகாட்டியிருக்கிறார்கள் என்று பட்டியலைக் கேட்டார். கைக்குட்டை போர்த்திய மௌஸை மெல்ல உருட்டிக்கொண்டே போனார். சீட்டாட்டக்காரர்கள், மாத்திரை விற்கிறவர்கள், அரைகுறை உடையில் பெண்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் ஊர் பேர்.

"என் தங்கச்சி வர்ற வழியில இவனுங்கள ஏன் தம்பி நிறுத்தி வெச்சீங்க?"

ஒவ்வொரு சைட்டுக்காரனுக்கும் எழுதி அந்த முந்நூறையும் எடுக்கச் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பாதிப் பேர் எடுத்தார்கள். ஸ்கோர் இரண்டுக்கு வந்தது.

அப்புறம்தான் அவர் தன் வழியை ஆரம்பித்தார். மற்ற ஊர்களில் இந்த வேலையை மெயில் போட்டுச் செய்வார்கள். ஐயா, எங்கள் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள் என்று நூறு பேருக்கு ஒரே கடிதம். அவரிடம் அதைக் காட்டியபோது சிரித்தார்.

"இது பத்திரிகைய கண்டக்டர் கையில குடுத்து அனுப்பற மாதிரி தம்பி. பத்திரிகை போய்ச் சேரும். ஆளு வந்து சேராது. நேர்ல போய் நிக்கணும்."

நின்றார். டோனர் பையிலேயே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். எந்த ஆபீஸில் மிஷின் பார்த்தாலும், அந்த ஆபீஸுக்கு வெப்சைட் உண்டா என்று விசாரிப்பார். உண்டென்றால் கை கழுவிவிட்டு வந்து, தட்டில் எடுத்து வைத்து, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைப்பார். விழுப்புரத்தில் ஒரு லாட்ஜ்காரர், அமாவாசைக்கு மலையனூர் போகிறவர்களுக்கு வழி சொல்கிற தன் பக்கத்தில் லிங்க் போட்டுக் கொடுத்தார். மேல்சித்தாமூரில் சமணக் கோயிலைப் பற்றி சைட் நடத்திய ஒரு வாத்தியார், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டால்தான் லிங்க் என்று சொல்லி உட்காரவைத்து இலை போட்டாராம். "ரெண்டு தடவ கூட்டு வெச்சாரு தம்பி" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். லிங்க் கிடைத்ததை இரண்டாவதாகத்தான் சொன்னார்.

கோட்டக்குப்பத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பாய், வளைகுடாவில் வேலை செய்கிற ஊர்க்காரர்களுக்காகப் பெரிய சைட் நடத்தினார். ஸ்கோர் முப்பதுக்கு மேல். பாய் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பொண்ணு கிண்ணு கேட்டு வந்தீங்களா? எனக்கு மூணும் பசங்கதாங்க."

"லிங்க்கு கேட்டு வந்தோம் பாய்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது பேரு மெயில் போட்டான். ஒருத்தன் போன் பண்ணான். வெத்தலையோட வந்தது நீங்க ஒருத்தருதாங்க." பிறகு பக்கத்தைத் திறந்து படித்தார். காலமானவர்கள் பட்டியல் வந்ததும் சிரிப்பு நின்றது. "யாருக்காக இது?" என்று மட்டும் கேட்டார். இவர் சொன்னார். "எங்க ஆளுங்களும் அப்படித்தாங்க. ரூம்ல எல்லாரும் வெளிய போனப்புறம் ஊரு பேரை அடிப்பானுங்க" என்றபடி, எங்கள் கண் முன்னாலேயே லிங்க் போட ஆரம்பித்தார். எந்த வார்த்தையின் மேல் போடட்டும் என்று கேட்டார். இவர் சொன்ன ஒரே வார்த்தை, ஊர் பேர்.

அடுத்த மாதம் ஸ்கோர் பதினொன்று. முந்நூறு பேர் செய்யாததை ஒரு பாய் செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த எண் ஒன்று குறைந்திருந்தது. ஏன் என்று பார்க்க லாட்ஜ்காரரின் பக்கத்தைத் திறந்தேன். அவர் சைட்டை மாற்றியதில் பழைய பக்கம் போய்விட்டிருந்தது. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது.

"இன்னா சொல்லுது?"

"நீங்க தேடறது இங்க இல்லைன்னு சொல்லுதுண்ணா. சும்மா, வழக்கமா வர்றதுதான்."

அவர் மௌஸ் மேலிருந்த கைக்குட்டையை எடுத்து மடித்தார். பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, உட்காராமல், ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்.

வீட்டை விட்டுப் போன நாலாவது மாதம் தங்கச்சி ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். அம்மா பேருக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, இவர்தான் படித்துக் காட்ட வேண்டும். போஸ்ட்மேன் வாசலில் நின்று இவர் கையில் கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போஸ்ட்மேனிடமே பேனா வாங்கி, முகவரிக்கு மேலே, 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொன்னாரா அண்ணா?"

"அப்பா ஊர்லயே இல்ல தம்பி. நானாத்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு." பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டு, "கவரைத் திருப்பிக்கூடப் பாக்கல. பின்னால அட்ரஸ் இருந்திருக்கும்" என்றார்.

அன்றே பழைய தட்டோடு லாட்ஜுக்குப் போய், லிங்க்கை மறுபடி வாங்கிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு நாள், தேடித் தருகிற கம்பெனிக்காரர்கள், யாரை முன்னால் நிறுத்துவது என்ற தங்கள் கணக்கை மாற்றினார்கள். காசு கொடுத்து லிங்க் வாங்கிக் குவித்தவர்கள் எல்லாம் கீழே போனார்கள். மனை கம்பெனி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஊர் பேரை அடித்தால் முதலில் அவர் நின்றார். ஸ்கோர் என்னவோ பதினாலுதான். "செஞ்சிக் கோட்டையில பாதிதான் ஏறினோம், ஆனா கீழ இருக்குறவனுங்க அத்தன பேரும் வீட்டுக்குப் போயிட்டானுங்க" என்றார். நான் பேக்கரியில் கேக் வாங்கி வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

முதலில் நின்றால் போதும் என்று நினைத்திருந்தோம். நின்ற பிறகுதான் காத்திருப்பது ஆரம்பமாயிற்று. ஆறு மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு போனும் வரவில்லை.

அவர் கேட்டதால், யார் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு வந்து பார்க்கிறார்கள் என்று காட்டுகிற ஒன்றைப் பக்கத்தில் பொருத்தியிருந்தேன். சென்னை, துபாய், எப்போதாவது திருப்பூர். ஆனால் தினமும் ஒரு வரி தவறாமல் இருந்தது. பெங்களூர், பிற்பகல் மூன்று பத்து.

"யாரு தம்பி இது?"

எனக்குத் தெரியும். பெங்களூரில் ஒரு சர்வரில் நான் ஒரு சின்ன புரோகிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் செய்துகொடுத்த பக்கங்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று அது தினம் ஒருமுறை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். இவர் பக்கத்துக்கு அதன் முறை மூன்று பத்துக்கு வரும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"யாரோ பாக்கறாங்கண்ணா" என்றேன்.

இரண்டாவது வாரம் அவர் பெங்களூருக்குப் போனார். பையில் டோனர் இல்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம், பச்சையில் ஒரு ஜாக்கெட் துணி. மூன்று நாள் அங்கே தமிழ் ஆட்கள் இருக்கிற தெருக்களாகப் போய், டீக்கடை டீக்கடையாக நின்று, ஊர் பேரைச் சொல்லி விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

"பெரிய ஊரு தம்பி. வெத்தல வாடிடுச்சு. துணி வாடாது இல்ல, வெச்சிருக்கேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அது ஆள் இல்லை அண்ணா, நம்ம மிஷின்தான், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும். திட்டட்டும், கை ஓங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கைக்குட்டையால் மௌஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி."

"எப்படிண்ணா?"

"தீபாவளி அன்னிக்கும் அதே மூணு பத்து. அன்னிக்கு எந்தப் பொம்பளைக்கு மணி பாத்து கம்ப்யூட்டர் முன்னால வந்து உக்கார நேரம் இருக்கும்? மனுஷின்னா ஒரு நாளாவது அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆவும்."

"தெரிஞ்சேதான் போனீங்களா?"

"பத்தொம்பது வருஷமா போவல இல்ல. லிங்க்குக்கு அத்தன பேரு வாசல்ல போய் நின்னேன். இவளுக்குப் போவல. கெளம்பறதுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. உங்க மிஷின் குடுத்துச்சு." எழுந்து பையை மாட்டினார். "அதை நிறுத்திடாதீங்க. ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு."

அடுத்த வருடம் அவர் பெங்களூருக்கே குடி போனார். அங்கேயும் ஆபீஸ் இருக்கிறது, ஆபீஸில் ஜெராக்ஸ் மிஷின் இருக்கிறது, ஏறி இறங்கலாம் என்றார். போன் நம்பரை மட்டும் மாற்றவில்லை. நானும் பிறகு திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் வந்துவிட்டேன். அவருடைய பக்கத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து வைக்கிறேன். மிஷினையும் நிறுத்தவில்லை.

கொஞ்ச காலமாக அந்தப் பட்டியலில் இன்னொரு வரி வருகிறது. அதுவும் பெங்களூர்தான். மாதத்தில் நாலைந்து முறை. ஒரு நாள் காலை பதினொன்றேகால், ஒரு நாள் மத்தியானம் இரண்டேமுக்கால். ஒருபோதும் ஒரே நேரத்தில் இல்லை. மனுஷ வருகைதான், சந்தேகமில்லை. அவராக இருக்கலாம். அவளாகவும் இருக்கலாம்.

ஒரு போன் போட்டு, நீங்களா பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும். கடைசியாக ஒரு பொங்கலுக்குப் போட்டேன். முதல் மணி முடியவில்லை, எடுத்துவிட்டார். ஊர் பேரைச் சொன்னார். மூச்சை நிறுத்தினார். "அண்ணா, நான்தான்" என்றேன். "ஓ, தம்பியா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த "ஓ"வில் குரல் ஒரு படி இறங்கியது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் போன் போடுவதில்லை.